பல்லுக்கோழி வந்த வருஷம்

கல்லுக்குள்ளிருந்து கோழி வந்த வருஷம் என்று சொன்னால் போதும், எங்கள் சிப்பிமேட்டில் யாரும் அதற்கு மேல் விளக்கம் கேட்க மாட்டார்கள். அந்த வருஷம்தான் மழை முன்கூட்டியே வந்தது, காளவாய்க்காரர் புது மோட்டார் சைக்கிள் வாங்கி முதல் நாளே ஓடையில் விட்டார், கலியமூர்த்தி மகள் செவ்வந்தியின் கல்யாணம் நடக்குமா நடக்காதா என்று ஊரே வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் பேசிப் பேசி அலுத்தது. கோழி வந்ததை நாங்கள் இவற்றுக்கெல்லாம் நடுவில் வைத்துத்தான் ஞாபகம் வைத்திருக்கிறோம், தனியாகத் தூக்கி வைக்கவில்லை.

சுண்ணாம்பு சுடுகிற காளவாய்க்குக் கல் உடைத்துப் போடுவது எங்கள் பிழைப்பு. எங்கள் கல்லுக்குள் சிப்பி இருக்கும், சுருட்டைச் சங்கு இருக்கும், கடல் இந்த ஊரைக் காலி செய்துவிட்டுக் கிழக்கே போனபோது எடுத்துக்கொள்ள மறந்த சாமான்கள் அத்தனையும் இருக்கும், உழுதால் வரப்பில் வரும், கிணறு வெட்டினால் வாளியில் வரும். அதனால் எதிர்வீட்டு இளஞ்சியம் என் பக்கத்தில் உட்கார்ந்து சம்மட்டியால் ஒரு போடு போட்டுவிட்டு, "அஞ்சலாட்சியக்கா, உள்ள ஒரு கோழி இருக்கு" என்று சொன்னபோது நான் தலையைக்கூடத் திருப்பவில்லை.

"பொட்டையா சேவலா?" என்று மட்டும் கேட்டேன்.

"முட்டை மேல உக்காந்திருக்கு."

"அப்ப பொட்டைதான்."

கல் பலகை பலகையாக இரண்டாகப் பிளந்து கிடந்தது. ஒரு பாதியில் கோழி, அச்சில் பதித்த மாதிரி தட்டையாக இருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது தோசைக் கல்லிலிருந்து தோசை கிளம்புகிற மாதிரி ஓரத்தில் முதலில் கிளம்பி, பிறகு நடுவில் கிளம்பி, மெல்ல உப்பி எழுந்து, சுண்ணாம்புப் பொடியை உதறிக்கொண்டு நின்றது. காக்கை அளவுதான் இருக்கும். அலகுக்குள் வரிசையாகப் பல், இறக்கை முனையில் மூன்று நகம், பின்னால் ஓணான் வால் போல எலும்பு வால், அதிலும் இறகு. மறுபாதிக் கல்லில் ஒரு மூஞ்சூறு. அதுவும் உதறிக்கொண்டு எழுந்தது. எழுந்ததும் இரண்டும் எங்களை ஏறெடுத்துப் பார்த்தால்தானே? மூஞ்சூறு முட்டையை நோக்கிப் பாய்ந்தது, கோழி மூஞ்சூறை நோக்கிப் பாய்ந்தது. கல் மூடிக்கொண்டபோது பாதியில் நின்றுபோன சண்டையை, விட்ட இடத்திலிருந்து, ஒரு மூச்சுகூட வீணாக்காமல் தொடர்ந்தன. இளஞ்சியம் முட்டையை எடுத்து மடியில் கட்டிக்கொண்டாள்.

"சூடா இருக்குக்கா, இப்பத்தான் எந்திரிச்சாப்பல," என்றாள்.

அப்புறம் நாங்கள் கை கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தோம். வேறு என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

ஊர் வழக்கப்படி, வழி தவறி வந்த ஆடு மாடு கோழி யார் வீட்டில் ஒதுங்கினாலும் தமுக்கு அடித்துச் சொல்ல வேண்டும். மறுநாளே தமுக்கு அடித்தோம். பல்லும் நகமும் வாலும் உள்ள கறுப்புக் கோழி ஒன்று இளஞ்சியம் வீட்டில் இருக்கிறது, தொலைத்தவர் அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளலாம் என்று சுற்று வட்டாரம் எல்லாம் சொல்லி வந்தார்கள். யாரும் வரவில்லை. பக்கத்து ஊர்க்காரன் ஒருவன் மட்டும் வந்து என்னுடையதுதான் என்றான், கோழி அவன் கட்டைவிரலைக் கடித்ததும் இல்லை என்று ஒத்துக்கொண்டு போனான். ஆக, கோழி இளஞ்சியத்துக்கே ஆனது. பகலில் அவள் வாசல் முருங்கை மரத்தில் நகத்தைப் போட்டு ஏறும், இறங்கத் தெரியாமல் கத்தும், யாராவது துரட்டியால் இறக்கி விடுவோம். ஊர்ச் சேவல்கள் முதலில் விறைத்துக்கொண்டு நின்றன, பல்லைப் பார்த்ததும் அவற்றுக்கு வேறு வேலை ஞாபகம் வந்துவிட்டது. மூஞ்சூறு பிள்ளையார் கோயிலில் போய் ஒண்டிக்கொண்டது, அங்கே அதற்கு என்ன குறை, கொழுக்கட்டை தின்று கொழுத்தது.

செய்தி எப்படியோ கசிந்து டவுன் காலேஜிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். எங்கள் ஊரில் அவருக்குக் கல் வாத்தியார் என்று பேர். சொந்தப் பெயர் தயாபரன், நல்ல மனுஷன், வெயிலில் நின்றால் சிவந்துவிடுவார். முருங்கை மரத்தடியில் மண்டியிட்டு உட்கார்ந்து கோழியைப் பார்த்தார், பார்த்தார், அப்படிப் பார்த்தார், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு எங்களுக்கு விளக்கினார். ஏழு கோடி வருஷத்துக்கு முன்னால், டைனோசர் மேய்ந்த காலத்தில், பல பறவைக்கு இப்படிப் பல் இருந்ததாம். குட்டி போட்டுப் பால் கொடுக்கிற சாதி முழுக்க இந்த மூஞ்சூறு அளவுக்குத்தான் இருந்ததாம், பயந்து பயந்து ஒளிந்து வாழ்ந்ததாம், அப்படிப்பட்ட ஒன்றிலிருந்துதான் ஆடு, மாடு, யானை, மனுஷன் எல்லாம் வந்ததாம்.

"அப்ப இந்த மூஞ்சூறு நமக்குப் பாட்டனா?" என்று கலியமூர்த்தி கேட்டான். அவன் எதையும் லேசில் விட மாட்டான்.

"கிட்டத்தட்ட அப்படித்தான்."

"பங்காளி முறை?"

"அப்படியும் சொல்லலாம்."

அவ்வளவுதான், ஊர்க்கூட்டம் போட வேண்டியதாயிற்று. மூஞ்சூறு பங்காளி என்றால் அது செத்தால் ஊருக்கே தீட்டு, கல்யாணம் காதுகுத்து எதுவும் வைக்க முடியாது, அதுவோ பிள்ளையாருக்கு முன்னால் வயிறு வெடிக்கத் தின்றுகொண்டிருக்கிறது, என்றைக்கு மண்டையைப் போடுமோ. சாயங்காலம் முழுக்க வாய்ச்சண்டை போட்டு, ஏழு தலைமுறைக்கு அப்பால் போன பங்காளிக்குத் தீட்டு இல்லை என்று முடிவானது. எல்லோருக்கும் நிம்மதி. மூஞ்சூறுக்கு மட்டும் இது எதுவும் தெரியாது.

கல் வாத்தியாருக்கோ நிம்மதி இல்லை. "உயிரோட இருக்கிறத வச்சு நான் எதையும் நிரூபிக்க முடியாதும்மா," என்று இளஞ்சியத்திடம் புலம்பினார். "கல்லாவே இருந்திருந்தா உலகமே திரும்பிப் பார்த்திருக்கும். இப்ப நான் போய்ச் சொன்னா, ஏதோ நாட்டுக்கோழிய மை பூசிக் கொண்டாந்துட்டான்னு சிரிப்பாங்க."

"அதுக்காக அத மறுபடியும் கல்லுக்குள்ள போன்னா சொல்ல முடியும் சார்?"

"முடியாதுதான்," என்று அவர் வெறுங்கல்லை மட்டும் சாக்கில் கட்டிக்கொண்டார்.

அவர் கிளம்பும்போது இளஞ்சியம் அவர் பின்னாலேயே ரோடு வரைக்கும் போனாள். "சார், கல்லு ஒன்ன எவ்வளவு காலம் கெடாம வச்சிருக்கும்?"

"எவ்வளவு காலம் வேணும்னாலும்."

"பத்துப் பன்னண்டு வருஷம்?"

அவர் சிரித்தார். "அதெல்லாம் கல்லுக்கு ஒரு நேரமாம்மா? கண்ண மூடித் தெறக்கிறாப்பல."

பாவம், அவர் எதற்குச் சிரித்தார் என்று அவருக்குத் தெரியும், அவள் எதற்குக் கேட்டாள் என்று தெரியாது. எனக்குத் தெரியும்.

இளஞ்சியத்தின் புருஷன் கொளஞ்சி கல் வெட்டுகிறவன். ஊருக்கு மேற்கே பழைய பள்ளம் என்று ஒன்று இருக்கிறது, அப்போது அதுதான் காளவாய்க்குக் கல் கொடுத்தது. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஐப்பசி மாதம், அடைமழை விட்ட காலை, விறகு ஈரமாகி அடுப்பு பற்றாமல் போனதில் அவன் வெறும் வயிற்றோடு வேலைக்குப் போய்விட்டான். இவள் அரக்கப் பரக்கச் சமைத்து, முருங்கைக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பைச் சோற்றில் பிசைந்து, தூக்குவாளியில் போட்டு எடுத்துக்கொண்டு ஓடினாள், பள்ளத்து மேட்டில் நின்று கயிற்றில் கட்டி இறக்கினாள். அவன் கீழேயிருந்து அவிழ்த்துக்கொண்டு கையை ஆட்டினான். நல்ல மனுஷன், ஆனால் சாப்பாட்டில் ஒரு கெட்ட பழக்கம், மென்ற முருங்கைச் சக்கையைத் தூர எறிய மாட்டான், தூக்குவாளி மூடியில் தீக்குச்சி அடுக்குகிற மாதிரி வரிசையாக அடுக்கி வைப்பான். "இத யாரு எண்ணிப் பாக்கப் போறா?" என்று இவள் தினமும் பாத்திரம் கழுவும்போது திட்டுவாள், நான் எதிர்வீட்டில் கேட்டுக்கொண்டே என் பாத்திரத்தைக் கழுவுவேன்.

அன்றைக்கு அவள் திரும்பி ஊருக்குள் கால் வைப்பதற்குள் பள்ளத்தின் மேற்குச் சுவர் அப்படியே இறங்கிவிட்டது. கூட வேலை பார்த்தவர்கள் கிழக்குப் பக்கம் இருந்தார்கள், தப்பித்தார்கள். தோண்டினோம், எல்லோரும் தோண்டினோம், எதிர்ச் சுவரும் வெடிப்பு விட ஆரம்பித்ததும் போலீஸ் வந்து மேலே ஏறச் சொல்லிவிட்டது. அடுத்த கோடையில் சரிந்த மண் காய்ந்து இறுகி, எங்கள் ஊர் மண்ணின் புத்தி அப்படி, மறுபடியும் பாறையாகிவிட்டது.

உடம்பு கிடைக்கவில்லை, இளஞ்சியம் கருமாதியும் செய்ய விடவில்லை. கோழி வருகிற வரைக்கும் சாவை அவள் மறுக்கவில்லை, அது வேறு. "பசியோட போன மனுஷனுக்கு நான் எந்த முகத்தோட படையல் போடுவேன்?" என்பாள். "வாளிய வாங்கினத பாத்தேன். தொறந்தாரா, ஒரு வாயாவது வச்சாரான்னு எனக்குத் தெரியாதே. வெறும் வயித்தோட மண்ணுக்குள்ள கெடக்கிறவருக்கு பதினாறு செஞ்சு போய்ட்டு வான்னு அனுப்பச் சொல்றியா?" அதனால் தாலி அவள் கழுத்திலேயே இருந்தது. விசேஷ வீட்டில் மஞ்சள் குங்குமம் கொடுக்கிற பெண்கள் அவளிடம் வந்ததும் தடுமாறுவார்கள், கொடுக்கவும் மனசு வராது, தாண்டிப் போகவும் வராது, தட்டை அவளுக்கு முன்னால் தரையில் வைத்துவிட்டு வேறு பக்கம் பார்ப்பார்கள். அவள் தானே குனிந்து எடுத்து நெற்றியில் வைத்துக்கொள்வாள்.

கல் வாத்தியார் போன நாளிலிருந்து இளஞ்சியம் வேலை முடிந்து வீட்டுக்கு வருவதில்லை, சம்மட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே பழைய பள்ளத்துக்குப் போய்விடுவாள். அந்த மேற்குச் சுவரை உடைப்பாள். நாங்களும் போனோம், சும்மா இருக்க முடியுமா? ஊரே முறை வைத்துக்கொண்டு உடைத்தது. ஒரு கல்லில் நண்டு வந்தது, குழம்பு வைத்தோம், அந்தக் காலத்துக் கடல் உப்பு இன்னும் அதில் இருந்தது, தனியாக உப்புப் போட வேண்டியிருக்கவில்லை. ஒரு கல்லில் நத்தைகள் வந்து, எங்கேயோ போய்க்கொண்டிருந்த மாதிரி வரிசையாகக் கிழக்கே போயின. இன்னொன்றில் ஒரு கை அலை வந்து காலை நனைத்துவிட்டு மண்ணுக்குள் போயிற்று. கொளஞ்சி மட்டும் வரவில்லை. சுவர் பெரிய சுவர், மலை மாதிரி நிற்கிறது, எங்கள் சம்மட்டிகள் அதன் ஓரத்தைத்தான் கொறித்தன.

இந்த நேரத்தில்தான் செவ்வந்திக்கு மாப்பிள்ளை அமைந்தது. கொளஞ்சிக்குத் தம்பி கலியமூர்த்தி, அவன் மகள் செவ்வந்தி. மாப்பிள்ளை வீட்டார் ஜெயங்கொண்டம் பக்கம். எல்லாம் பிடித்திருந்தது, கடைசியில் ஒன்று சொன்னார்கள். பங்காளி வீட்டில் ஒரு சாவு சாவா இல்லையா என்று தெரியாமல் தொங்கிக்கொண்டிருக்கிறது, அந்த வீட்டிலிருந்து பெண் எடுக்க மாட்டோம், கருமாதியை முடித்துவிட்டு ஆவணிக்குள் சொல்லுங்கள், இல்லையென்றால் வேறு இடம் பார்க்கிறோம்.

கலியமூர்த்தி இளஞ்சியம் வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை, கோழிக்குப் பயம்.

"அண்ணி, நான் உங்கள வற்புறுத்தல. ஆனா கோழி கல்லுலேருந்து வந்துருச்சுன்னு அண்ணனும் வருவாருன்னு உக்காந்திருந்தா, எம் பொண்ணு கதி என்னாகிறது?"

"ஏன் வரக் கூடாது? ஏழு கோடி வருஷம் வச்சிருந்து கோழியத் திருப்பிக் குடுத்த கல்லு, இத்துனூண்டு காலம் ஒரு மனுஷன வச்சிருக்காதா?"

"வச்சிருக்கும் அண்ணி. நீங்க உடைக்கிற வேகத்துக்கு நம்ம பேரன் பேத்தி காலத்துல வெளிய வருவாரு. வந்து, எங்க என் பொண்டாட்டின்னு கேப்பாரு. நாங்க யாரும் இருக்க மாட்டோம்."

அவன் கெட்டவன் இல்லை. சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். இளஞ்சியம் அசையவில்லை. அசைத்தது செவ்வந்திதான். அன்று சாயங்காலம் அந்தப் பெண் பழைய பள்ளத்துக்கு வந்து, ஒரு சம்மட்டியை எடுத்துப் பெரியம்மாவுக்குப் பக்கத்தில் நின்று உடைக்க ஆரம்பித்தாள். கை கொப்பளித்துவிட்டது. "எனக்குக் கல்யாணம் ஒண்ணும் அவசரமில்ல பெரியம்மா, பெரியப்பாவ முதல்ல எடுப்போம்," என்றாள். இளஞ்சியம் அவள் கையைப் பிடித்துக் கொப்பளத்தைப் பார்த்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"உங்கப்பன வரச் சொல்லு," என்றாள். "கல்லு நட்டுரலாம். ஆனா ஒண்ணு, நடுற கல்லு இந்தச் சுவத்துலேருந்து எடுத்த கல்லா இருக்கணும்."

எங்கள் பக்கத்தில் கருமாதிக்கு ஏரிக்கரையில் ஒரு கல்லை நடுவார்கள். செத்தவர் அந்தக் கல்லில் வந்து இருப்பதாகக் கணக்கு. அதற்கு எண்ணெய் வைத்து, பால் ஊற்றி, சோறு படைத்து, அழுது தீர்த்து, கடைசி நாள் அந்தக் கல்லைப் பிடுங்கி ஏரித் தண்ணீரில் விட்டுவிட்டால் அவர் போய்விட்டார் என்று அர்த்தம். வழக்கமாக உள்ளங்கை அளவுக் கல் போதும். கலியமூர்த்திக்கு மனசு கேட்கவில்லை, அண்ணனுக்கு இவ்வளவு நாள் ஒன்றும் செய்யவில்லையே என்று மேற்குச் சுவரிலிருந்து குடத்தளவு கல்லைப் பெயர்த்துத் தூக்கமாட்டாமல் தூக்கி வந்து நட்டான். சடங்கு செய்து வைக்கிற பண்டாரம்கூட, "இவ்வளவு பெரிசா எதுக்குப்பா, கடைசி நாள் நீதான் தூக்கிட்டு ஏரியில எறங்கணும்," என்றார்.

கடைசி நாள் காலையில் ஊர் முழுக்க ஏரிக்கரையில் கூடியிருந்தோம். பல்லுக்கோழியும் இளஞ்சியம் பின்னாலேயே வந்துவிட்டது, இளஞ்சியம் திருப்பி அதன் அடியில் வைத்த முட்டையில் போன வாரம்தான் குஞ்சு பொரித்திருந்தது, அதுவும் கூட வந்தது. தாலி கழற்றிப் போடப் பால் கிண்ணம் தயாராக இருந்தது, வளையல் உடைக்கிற பெண்கள் தயாராக இருந்தார்கள், நான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றேன். அப்போது கோழி தத்தித் தத்திப் போய் நட்டிருந்த கல்லின் மேல் ஏறி, இறகை விரித்து, அடை காக்கிற மாதிரி உட்கார்ந்தது. பண்டாரம் துரத்தினார், போகவில்லை. கலியமூர்த்தி துரத்தினான், பல்லைக் காட்டியது.

"கதகதப்பு இருக்கிற எடத்துலதான் அது உக்காரும்," என்றாள் இளஞ்சியம். "அய்யா, எனக்கு ஒரே ஒரு அடி அடிக்க விடுங்க."

பண்டாரம் பதறிப்போனார். "என்னம்மா பேசுற? நட்ட கல்லு வெறும் கல்லு இல்ல. அது உன் புருஷன்."

"நான் அவரு பொண்டாட்டிதானே? அடிச்சா தாங்குவாரு."

எனக்கு அந்த இடத்திலும் சிரிப்பு வந்துவிட்டது, என்ன பண்ணுவது. பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு எழுந்தது, யாரோ, "விடுங்கய்யா, அவ கேக்குறது என்ன தப்பு," என்றார்கள், அது நானாகக்கூட இருக்கலாம். செவ்வந்தி ஓடிப்போய்ச் சம்மட்டியை எடுத்து வந்தாள். இளஞ்சியம் கோழியைத் தூக்கி என் கையில் கொடுத்துவிட்டு, கல்லில் ஊற்றியிருந்த பாலையும் எண்ணெயையும் முந்தானையால் துடைத்தாள், தடவிப் பார்த்து ஒரு ரேகையைக் கண்டுபிடித்தாள், அந்த இடத்தில் ஓங்கி ஒரே போடு.

கல் பிளந்தது. உள்ளே ஒரு தூக்குவாளி இருந்தது. அதன் மூடி திறந்து மல்லாந்து பக்கத்தில் இருந்தது.

கருவாட்டுக் குழம்பு வாசம் ஏரிக்கரை முழுக்க அடித்தது. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தின குழம்பு, இப்போது அடுப்பிலிருந்து இறக்கிய மாதிரி அடித்தது. இளஞ்சியம் வாளியைத் தொட்டாள், கையைச் சட்டென்று எடுத்தாள், அவ்வளவு சூடு. மறுபடியும் தொட்டுக் குனிந்து உள்ளே பார்த்தாள். ஒரு பருக்கை இல்லை. விரலால் வழித்து வழித்துச் சாப்பிட்ட தடம் சுற்றிலும் இருந்தது, ஈரம்கூடக் காயவில்லை. மூடியைத் தன் பக்கம் இழுத்தாள். அதில் முருங்கைச் சக்கை வரிசையாக, தீக்குச்சி அடுக்கிய மாதிரி, ஒன்று மேல் ஒன்று படாமல் அடுக்கியிருந்தது.

கலியமூர்த்தி, "அண்ணன்," என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

இளஞ்சியம் வாளிக்குள் ஒரு விரலை விட்டு அடியைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். "உப்பு சரியாத்தான் இருந்திருக்கு," என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "சாப்பிட்டுட்டாருக்கா. முழுசா சாப்பிட்டுட்டுத்தான் போயிருக்காரு." சொல்லும்போது சிரித்தாள், சிரிப்பு அப்படியே அழுகையாகப் போயிற்று, இத்தனை வருஷமும் நான் பார்க்காத அழுகை, ஏரிக்கரையே கூட அழுதது, நானும் அழுதேன், கோழியை இறுக்கிவிட்டேன் போலிருக்கிறது, அது என் கையைக் கடித்தது.

அழுது ஓய்ந்ததும் அவள் யாரையும் கிட்டே விடவில்லை. தலையில் இருந்த பூவைத் தானே எடுத்தாள், தாலியைத் தானே கழற்றிப் பால் கிண்ணத்தில் போட்டாள், நெற்றியைத் தானே துடைத்தாள். "ம், மேல ஆக வேண்டியதப் பாருங்க," என்றாள். கலியமூர்த்தி பிளந்த கல்லின் இரண்டு பாதியையும் மார்போடு அணைத்துக்கொண்டு ஏரியில் இறங்கினான், இடுப்பளவு தண்ணீர் வரைக்கும் போய் விட்டான். குமிழி வந்தது, நின்றது.

எல்லோரும் தலை முழுகிக் கரையேறினோம். இளஞ்சியத்தை மட்டும் காணவில்லை. திரும்பிப் பார்த்தால் அவள் படித்துறையில் குந்தி உட்கார்ந்து, ஒரு பிடி மணலை அள்ளிப் போட்டு அந்தத் தூக்குவாளியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மூடியைக் கையில் எடுத்தவள் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சக்கையைத் தண்ணீரில் தட்டிவிட்டாள்.

"எத்தன தடவ சொல்றது," என்று திட்டினாள். "தின்னா தூக்கிப் போடணும். இத அடுக்கி அடுக்கி வச்சா யாரு எண்ணிப் பாக்கப் போறா?"